முதலில் யார் போக வேண்டும்

ஞாயிறு பள்ளியில் என்னோடு ஒரே பெஞ்சில் நெருக்கியடித்து உட்கார்ந்தவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். ஒருத்தன் துபாயில் இருக்கிறான், ஒருத்தன் பேங்க்கில் இருக்கிறான், ஒருத்தி சர்ஜாப்பூர் ரோட்டில் எங்கேயோ மேல்மாடியில் குழந்தைக்கு ராகிக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருக்கிறாள். நமக்கும் வயசாகிறது மக்களே. போன வாரம் லிப்டில் ஒரு காலேஜ் பையன் "ஆன்ட்டி, எந்த ஃப்ளோர்?" என்றான். யாரைக் கேட்கிறான் என்று திரும்பிப் பார்த்தேன். பின்னால் யாருமில்லை.

அண்ணன் போனபோது நம் குரூப்பில் ஆளுக்கொரு வரி போட்டீர்கள். "நல்ல மனுஷன், இப்படி ஆகிப்போச்சே." எப்படி ஆகிப்போச்சு என்று ஒருத்தரும் கேட்கவில்லை. கேட்கக்கூடாது என்று நினைத்திருப்பீர்கள். நான் அந்தக் காம்பவுண்டுக்குள்ளேயே இருந்தவள். எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். நான் அவசரக்காரி, கொஞ்சம் முன்பின்னாகத்தான் வரும்.

அண்ணன் என் பெரியம்மா மகன் என்பது உங்களுக்குத் தெரியும். ரிச்சர்ட்ஸ் டவுனில் தாத்தா விட்டுப்போன வீட்டை நடுவில் சுவர் எழுப்பி இரண்டாக்கி, ஒரு பாதியில் பெரியம்மாவும் அண்ணனும், இன்னொரு பாதியில் அம்மா, அப்பா, நான். பெரியப்பா அதற்கு முன்பே இறந்துவிட்டார். முன்வாசலில் ஒரு பட்டர்ஃப்ரூட் மரம். அந்தக் காலத்தில் அதை அவகாடோ என்று யாரும் சொல்லி விலையேற்றவில்லை. காய் பொத்தென்று தகர ஷீட்டில் விழும், யார் வீட்டுப் பக்கம் விழுகிறதோ அவர்களுக்கு.

அந்த வீட்டில் எதற்கும் ஒரு வசனம் உண்டு. கிண்டலுக்குச் சொல்லவில்லை. அம்மா ஸ்கூல் டீச்சர், பெரியம்மா டெலிபோன் ஆபீஸில் வேலை. இரண்டு பேரும் வேதத்தை நகைப்பெட்டி மாதிரி பூட்டிவைக்கிறவர்கள் இல்லை. அரிவாள்மணை மாதிரி தினமும் எடுத்துப் புழங்குகிறவர்கள். எனக்கு செகண்ட் லாங்வேஜ் ஹிந்தியா கன்னடமா என்று வந்தபோது அம்மா ஜெபித்துவிட்டு எரேமியாவை எடுத்தாள். எந்தப் பட்டணத்துக்குக் கொண்டுபோகப்பட்டாயோ அந்தப் பட்டணத்தின் சமாதானத்தைத் தேடு என்று அதில் இருக்கிறது. "அப்போ கன்னடம்தான்" என்றாள். நல்ல முடிவு அது. இன்றைக்கும் ஆபீஸில் எனக்கு அதுதான் கைகொடுக்கிறது. அம்மா காய்கறிக்காரியிடம் பேரம் பேசமாட்டாள். உள்ளதை உள்ளது என்று சொல்லிவிட வேண்டும், அதற்கு மேல் பேசுவது தீமையிலிருந்து வருகிறது. ஒருமுறை எடைக்கு மேல் இரண்டு தக்காளி வந்துவிட்டது என்று திருப்பிக் கொடுக்கப் போய், அந்தம்மா "இன்னாம்மா, அழுகலா?" என்று சண்டைக்கு வந்துவிட்டாள்.

அக்காவும் தங்கையும் சுவருக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நின்று நம்பரிலேயே பேசிக்கொள்வார்கள்.

"அக்கா, எனக்கு இன்னிக்கு நீதிமொழிகள் பதினஞ்சு ஒண்ணு வேணும்."

"ஏன், ஹெட்மிஸ்ட்ரஸ் கத்தினாளா?"

"கத்தினா. நானும் கத்திட்டேன்."

"அப்போ உனக்கு பதினஞ்சு ஒண்ணு இல்லடி பாப்பா, பதினஞ்சு ரெண்டு."

ஒன்று, மெதுவான பதில் கோபத்தை ஆற்றும் என்பது; இரண்டு, மூடரின் வாய் புத்தியீனத்தைக் கக்கும் என்பது.

அப்பாவுக்கு ஒரே ஒரு வசனம்தான் மனப்பாடம். அதிகாலையில் எழுந்து உரத்த சத்தமாகச் சொல்லும் ஆசீர்வாதம் சாபமாக எண்ணப்படும் என்று நீதிமொழிகளில் எங்கேயோ கண்டுபிடித்து வைத்திருந்தார். அம்மா விடியற்காலையில் பாட்டு எடுக்கும்போதெல்லாம் போர்வைக்குள்ளிருந்து அதைச் சொல்வார்.

*

அண்ணன் பாடம் எடுத்த நம் வகுப்பை நினைத்துக்கொள்ளுங்கள். சர்ச்சுக்குப் பின்னால் இருக்கும் நீள ஷெட். மழை பெய்தால் பாட்டு கேட்காது. பச்சைக் கம்பளித் துணி ஒட்டிய பிளானல் போர்டு, அதில் ஒட்டும் காகித மனிதர்கள். அந்த போர்டு இப்போது எங்கே என்று யாருக்காவது தெரியுமா? செத்து எழுந்த லாசருவின் காகிதம் தொலைந்துபோன வாரம் அண்ணன் என்ன பண்ணினார், ஞாபகம் இருக்கிறதா? ராட்சதன் கோலியாத்தைக் கிடத்தி, தன் கர்ச்சீப்பைச் சுற்றி, இதுதான் லாசரு என்றார். "அண்ணா, இவன் எழுந்தா டேஞ்சர்!" என்று நம்மில் ஒருத்தன் கத்தினான். துபாய்க்காரா, அது நீதான்.

"எழுப்பறது யாருன்னு பாருடா மொதல்ல. அப்புறம் பயப்படலாம்" என்றார் அண்ணன்.

அவர் சட்டையில் எப்போதும் கிராம்பு வாசனை வரும். சட்டைப்பையில் கிராம்பு வைத்திருப்பார், நமக்கும் ஆளுக்கொன்று கொடுப்பார். நாக்கு எரிய எரிய மென்றோம். எதற்காக ஒரு இளவட்டப் பையன் பையில் கிராம்பு வைத்துக்கொண்டு திரிகிறான் என்று நமக்கு என்ன தெரியும்?

மாதத்தின் முதல் ஞாயிறு நற்கருணை, அப்பமும் திராட்சரசமும் தரும் நாள். பெரியவர்கள் வரிசையாக எழுந்து பீடத்தண்டை போய் முழங்கால் போடுவார்கள். அதற்கு முன் வாங்க வேண்டிய திடப்படுத்தல் சடங்கு முடியாத நாம் மட்டும் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். அண்ணன் திடப்படுத்தல் வாங்கி எத்தனையோ வருஷம். ஆனாலும் நம்மோடு உட்கார்ந்துவிடுவார்.

"நீங்க ஏன்ணா போகல?"

"நான் போயிட்டா இந்த ஆட்டுக்குட்டிங்களை யார் மேய்க்கறது? நீ பக்கத்துல இருக்கவ ஜடையை விடு."

பாத்திரத்தில் இருக்கும் திராட்சரசத்தின் வாசனைக்குப் பயந்து அவர் உட்கார்ந்திருந்தார் என்பது பிறகு, பெரியவளான பிறகு, எனக்குத் தானாகவே விளங்கியது.

ஒரு சாயங்காலம் அவர் எங்கள் பின்வாசலில் வந்து நின்றார். நான் டைனிங் டேபிளில் கன்னட காப்பி எழுதிக்கொண்டிருந்தேன். அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள். அண்ணன் உள்ளே வரவில்லை. நிலைப்படியைப் பிடித்துக்கொண்டு, "சித்தி, என்னால முடியல. விடணும்னு பாக்கறேன், முடியல" என்றார். அவர் கை நடுங்கிக்கொண்டிருந்தது, குளிருகிறதாக்கும் என்று நினைத்தேன்.

அம்மா ஒரு வசனம் சொல்வாள் என்று எதிர்பார்த்தேன். சொல்லவில்லை. அடுப்பை அணைத்தாள். "எப்ப சாப்பிட்ட?" என்று கேட்டாள். பழைய தோசையை எடுத்துவிட்டு, மறுபடி அடுப்பைப் பற்றவைத்து, அவருக்கென்று புதிதாக ஊற்றினாள். அவர் சாப்பிடும்வரை எதிரிலேயே உட்கார்ந்திருந்தாள். என் அம்மா வாழ்க்கையில் செய்த காரியங்களிலேயே பெரியது அதுதான் என்று நான் இப்போதும் சொல்வேன்.

மறு சனிக்கிழமையிலிருந்து மல்லேஸ்வரம் போக ஆரம்பித்தோம். அங்கே ஒரு ஸ்கூல் மாடியில் குடியை விட்டவர்கள், விடப் பார்க்கிறவர்கள் கூடுவார்கள். அப்பாவுக்கு சனிக்கிழமையும் ஆபீஸ், என்னை வீட்டில் தனியாக விட முடியாது, அதனால் நானும். "முந்தே ஹோகி, முந்தே ஹோகி" என்று கண்டக்டர் எல்லாரையும் முன்னால் தள்ளிக்கொண்டே வருவார். அண்ணன் படியேறி மேலே போவார், அம்மாவும் நானும் கீழே பெஞ்சில். செண்பகப்பூ வாசனை, மாடியிலிருந்து கன்னடமும் தமிழும் தெலுங்குமாக யாரோ பேசுவது, நடுநடுவே கைதட்டல். யாருக்கோ பிறந்தநாள் போல என்று நினைப்பேன். கூட்டம் முடிந்து இறங்கி வரும்போது அண்ணன் முகம் கழுவிவிட்டது மாதிரி இருக்கும்.

"இன்னிக்கு முடிஞ்சது சித்தி. நாளைக்கத நாளைக்குப் பாத்துக்கலாம்னு சொல்றாங்க."

அம்மாவுக்கு அதைக் கேட்டதும் அப்படி ஒரு சந்தோஷம். "டேய், அதுதான்டா மலைப்பிரசங்கத்துல இருக்கு! அந்தந்த நாளுக்கு அதினதின் பாடு போதும்!"

"ஆமா சித்தி. அங்க அத பேர் சொல்லாம சொல்றாங்க."

பிறகு முனை ஹோட்டலில் பை-டூ காபி. ஒரு காபியை இரண்டாகப் பிரித்துக் கொண்டுவருவார்கள். அண்ணன் தன் பாதியிலிருந்து டபராவில் கொஞ்சம் ஊற்றி என் பக்கம் தள்ளுவார். அவர் ஊற்றும்போது நான் டபராவையே பார்ப்பேன். முதல் வாரங்களில் மேஜையெல்லாம் சிந்தியது. மழைக்காலம் போய்ப் பனி இறங்கத் தொடங்கியபோது ஒரு சொட்டுகூட வெளியே விழவில்லை. கிராம்பும் நின்றுபோயிருந்தது.

பெரியம்மாவுக்கு எல்லாம் தெரியும். சுவரோரம் வந்து மெதுவாகச் சொன்னாள். "வெளிய தெரியாம பாத்துக்கோ பாப்பா. நாளைக்கு அவனுக்குப் பொண்ணு பாக்கணும்."

"நான் யார்கிட்டக்கா சொல்லப்போறேன்?"

*

மாதர் கூட்டம் அந்த முறை எங்கள் வீட்டு ஹாலில் நடந்தது. பாய் விரித்து, சபைப் பெண்களெல்லாம் உட்கார்ந்து, அடுப்படியில் கட்லெட் பொரியும் வாசனை. பெரியம்மா டீ கெட்டிலை எடுத்துக்கொண்டு வரும்போது ஸ்தோத்திர ஜெபம் ஆரம்பித்துவிட்டது. கெட்டிலைக் கையில் பிடித்தபடியே கண்ணை மூடி நின்றுவிட்டாள். ஆளுக்கொரு வரியாகச் சொல்லிக்கொண்டு வந்தார்கள். மகளுக்கு சீட் கிடைத்ததற்காக ஸ்தோத்திரம், போர் போட்டதில் தண்ணி வந்ததற்காக ஸ்தோத்திரம். அம்மாவின் முறை வந்தது.

"என் அக்கா மகனை அந்தக் குடியிலேருந்து தூக்கியெடுத்தீரே, அவன் கை நடுக்கத்தை நிறுத்தினீரே, அதுக்காக ஸ்தோத்திரம் ஆண்டவரே" என்றாள். அழுதுகொண்டே சொன்னாள். நன்றியில் வந்த அழுகைதான் அது. மனசில் வேறொன்றும் இல்லை.

ஜெபத்தில் ஒரு கண்ணைத் திறந்து பார்க்கும் பழக்கம் எனக்கு உண்டு, உங்களுக்கும் உண்டு. பார்த்தேன். எல்லாப் பெண்களுமே கண்ணைத் திறந்திருந்தார்கள். அம்மா மட்டும் மூடியிருந்தாள். "ஆமென்" கொஞ்சம் தாமதமாக வந்தது. பெரியம்மா கெட்டிலைத் தரையில் வைத்துவிட்டு வெளியே போனாள்.

எல்லாரும் போன பிறகு பட்டர்ஃப்ரூட் மரத்தடியில் அவர்கள் பேசிக்கொண்டதுதான் கடைசி.

"யார்கிட்டயும் சொல்லமாட்டேன்னியே பாப்பா."

"நான் யார்கிட்டயும் சொல்லலக்கா. கர்த்தர்கிட்டதானே சொன்னேன்?"

"நீ கண்ணை மூடிக்கிட்டா ஊருக்குக் காது அடைச்சிடுமா?"

அடுத்த ஞாயிறே கமிட்டி கூடியது. எங்கள் சபைப் போதகரை நாங்கள் ஐயர் என்றுதான் கூப்பிடுவோம், ஞாபகம் இருக்கும். மனுஷன் நல்லவர், பயந்தவர். போதிக்கிறவர்களுக்கு அதிக ஆக்கினை, அதாவது தண்டனைத் தீர்ப்பு, உண்டு என்று யாக்கோபு எழுதியிருப்பதைக் கமிட்டியில் ஒருவர் வாசித்தாராம். குடியை விட்டவனைத்தான் நிறுத்தினார்கள், குடித்துக்கொண்டிருந்த காலமெல்லாம் அவர் நமக்குப் பாடம் எடுத்தார்! ஐயர் அண்ணனைத் தோளில் கைபோட்டு வெளியே கூட்டிப்போய், "கொஞ்ச நாள் ஓய்வு எடுத்துக்கோ தம்பி" என்றார். நமக்கு ஒரு ஆன்ட்டி வந்தார். பிளானல் போர்டு பீரோ மேல் ஏறியது. நாம் சங்கீதம் நூற்றுப்பத்தொன்பதை மனப்பாடம் பண்ணத் தொடங்கினோம், நீளமானது என்பதால்.

அண்ணன் அதைக்கூடத் தாங்கிக்கொண்டார். "கோலியாத்துக்கும் லீவு கெடைச்சது குட்டி" என்று என்னிடம் சிரித்தார். ஆனால் பெரியம்மா அழுது, இனி அந்த வீட்டு வாசல்படி மிதிக்கக்கூடாது, அவளோடு எங்கேயும் போகக்கூடாது என்று அவரிடம் சொன்னாள். அவர் மிதிக்கவில்லை. மீசை வைத்த ஆள்! ஆனால் தகப்பனையும் தாயையும் கனம்பண்ணு என்பதை நமக்கு பிளானல் போர்டில் ஒட்டிக் காட்டியவர் அவர்தானே. தனியாக மல்லேஸ்வரம் போய்ப் பார்த்தார். படிக்கட்டு வரைக்கும் போனாராம். "சித்தி கீழ உக்காந்திருக்காங்கன்னா மேல ஏறிடலாம். காலி பெஞ்சைப் பாத்தா கால் வரல" என்று என்னிடம் சொன்னார். அப்பா ஒரு சனிக்கிழமை லீவு போட்டுவிட்டுப் போய்க் கதவைத் தட்டினார். பெரியம்மா மரியாதையாகத்தான் பேசினாள். "உங்க மேல எனக்கு ஒரு குறையும் இல்ல தம்பி. அவ வரட்டும். வந்து ஒரு வார்த்தை சொல்லட்டும். அடுத்த நிமிஷம் அனுப்பறேன்."

அம்மாவுக்கும் அனுப்பச் சொல்லிக் கேட்க ஆசைதான். ஆனால் முதலில் யார் போக வேண்டும்?

மத்தேயு பதினெட்டில், உனக்கு விரோதமாக உன் சகோதரன் குற்றம் செய்தால் நீ அவனிடம் போய்த் தனியாக எடுத்துச்சொல் என்று இருக்கிறது. அம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "மனசு புண்பட்டது அக்காவுக்கு. அப்போ அக்காதான் வந்து என்கிட்ட தனியா சொல்லணும். அதுதான் முறை. வராம ஊரெல்லாம் சொல்லிட்டிருக்கா." மத்தேயு ஐந்தில், உன்மேல் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையைப் பீடத்தண்டையிலேயே வைத்துவிட்டு, நீ முதலில் போய் ஒப்புரவாகு என்று இருக்கிறது. பெரியம்மா அதைப் பிடித்துக்கொண்டாள். "எனக்குக் குறை இருக்குன்னு அவளுக்கு நல்லாத் தெரியும். அப்போ அவதான் வரணும்." ஒரே புத்தகம், ஒரே ஆள் சொன்னது, நடுவில் சில பக்கம். ஒவ்வொருத்திக்கும் மற்றவளுக்கான வசனம் நன்றாகத் தெரிந்திருந்தது.

ஐயர் வந்தார். எங்கள் வீட்டில் ஒரு காபி, அந்த வீட்டில் ஒரு காபி, மறுபடி எங்கள் வீட்டில் ஒன்று. அம்மா பதினெட்டைக் காட்டினாள், பெரியம்மா ஐந்தைக் காட்டினாள். அவர் கடைசியில் நெஞ்செரிச்சலோடு போய்விட்டார்.

அப்பாதான் ஒருநாள் வெடித்தார். "நானும் எடுத்துப் படிச்சுப் பாத்துட்டேன். ரெண்டு எடத்துலயும் 'நீ போ'ன்னுதானே இருக்கு? 'அவ வரட்டும்'னு எந்த அதிகாரத்துல இருக்கு, காட்டு!"

அம்மா வேதத்தை மூடிவைத்தாள். "உங்களுக்குச் சந்தர்ப்பம் பாத்து வாசிக்கத் தெரியாது" என்றாள்.

நற்கருணை ஞாயிறு வந்தது. ஒப்புரவாகாமல் அப்பத்தில் கைவைத்தால் ஆக்கினைத்தீர்ப்பு என்று இரண்டு பேருக்கும் பயம். சபை முழுதும் எழுந்து போக, நடைபாதைக்கு இந்தப் பக்கம் அம்மா, அந்தப் பக்கம் பெரியம்மா, பின்னால் ஷெட் பிள்ளைகளோடு அண்ணன். மூன்று பேரும் பீடத்தையே பார்த்தபடி. நாம் எண்ணெய் வைத்த தலையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தோம். அடுத்த மாதமும் அப்படியே. அதற்கடுத்த மாதம் அண்ணன் சர்ச்சுக்கே வரவில்லை.

சனிக்கிழமைகளை மட்டும் நான் மறக்கமாட்டேன். சாப்பாடு முடிந்ததும் அம்மா மல்லேஸ்வரம் போகும்போது உடுத்தும் மயில்கழுத்துச் சேலையைக் கட்டிக்கொள்வாள். ஹேண்ட்பேகை மடியில் வைத்துக்கொண்டு முன்வாசல் நாற்காலியில் உட்காருவாள். செருப்பைக்கூடப் போட்டுக்கொள்வாள். மல்லேஸ்வரம் பஸ் நேரம் தாண்டும்வரை உட்கார்ந்திருந்துவிட்டு, உள்ளே போய்ச் சேலையை மாற்றிவிட்டுத் துணி மடிப்பாள்.

ஒரு சனிக்கிழமை நான் மரத்தடிக்குப் போனபோது அண்ணன் அங்கே நின்றிருந்தார். நன்றாகக் குளித்து, தலை வாரி, இஸ்திரி போட்ட சட்டை.

"குட்டி, சித்தி என்ன பண்றாங்க?"

"செருப்பு போட்டுட்டு உக்காந்திருக்காங்க."

அவர் சிரிக்கப் பார்த்தார். "எங்க வீட்லயும் அம்மா ஜன்னல்ல உக்காந்திருக்கு. எல்லாரும் ரெடி. பஸ் மட்டும்தான் போயிடுது."

ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். அம்மா எழுந்தே விட்டாள். இரண்டு அடி வைத்தாள். பிறகு ஜன்னலில் பெரியம்மா தலை தெரிந்ததும் நின்றாள். "ஒரு வார்த்தை கூப்பிடட்டும். இப்பவே போறேன்" என்றாள், எனக்குச் சொல்வதுபோல், ஜன்னலுக்குக் கேட்கும்படி. ஜன்னல் ஒன்றும் சொல்லவில்லை. நான் திரும்பி வருவதற்குள் அண்ணன் கேட்டைத் திறந்துகொண்டு போயிருந்தார். அன்றைக்கு அவரை இருட்டிய பிறகு ஆட்டோக்காரர் ஒருவர் கைத்தாங்கலாகக் கொண்டுவந்து விட்டார். எங்கள் வீட்டில் விளக்கு எரிந்தது, அந்த வீட்டில் விளக்கு எரிந்தது. இரண்டு கதவும் திறக்கத்தான் செய்தன. இரண்டு பேரும் அவரவர் வாசலில் நின்று அழுதார்கள்.

*

அம்மாவும் பெரியம்மாவும் சேர்ந்த கதை உங்களுக்குத் தெரியும். ஐயர் பிரசங்கத்தில் சொன்னாரே. அவர் சொல்லாமல் விட்டதைச் சொல்கிறேன்.

ஏப்ரலில் ஒரு மத்தியானம் திடீரென்று ஆலங்கட்டி மழை. தகர ஷீட்டில் கல் கொட்டுவது மாதிரி சத்தம். பின்பக்கம் கொடியில் இரண்டு வீட்டுத் துணியும் காய்ந்துகொண்டிருந்தது. அம்மா ஒரு பக்கத்திலிருந்து ஓடினாள், பெரியம்மா ஒரு பக்கத்திலிருந்து. அம்மா கைக்கு வந்தது பெரியம்மாவின் ஆபீஸ் சேலைகள், பெரியம்மா கைக்கு வந்தது என் யூனிபார்ம். இரண்டு பேரும் அள்ளிக்கொண்டு ஒரே கூரைக்கடியில் ஒதுங்கினார்கள். பெரியம்மா நெற்றியில் ஆலங்கட்டி பட்ட இடம் சிவந்திருந்தது. "ஐயோ அக்கா, ரத்தம்" என்றாள் அம்மா. "ரத்தம் இல்லடி, அது உன் பொண்ணு யூனிபார்ம் சாயம்" என்றாள் பெரியம்மா. அவ்வளவுதான். சிரித்தார்கள், பிறகு அழுதார்கள். எந்த அதிகாரமும் இல்லை, எந்த வசனமும் இல்லை. யார் முதலில் போனது என்று கேட்டால் இன்றுவரை இரண்டு பேருக்கும் தெரியாது.

அடுத்த நற்கருணைக்கு இரண்டு பேரும் கைகோத்துப் போய் முழங்கால் போட்டார்கள். சபையே கண்ணைத் துடைத்தது. ஐயர் இரண்டு வசனத்தையும் சேர்த்துப் பிரசங்கித்தார்.

அந்தச் சனிக்கிழமை அம்மா அந்த வீட்டு வாசல்படி ஏறிப்போய்க் கூப்பிட்டாள். பெரியம்மாவே அண்ணனுக்குச் சட்டைக்கு இஸ்திரி போட்டாள். அவர் மறுக்கவில்லை. ஆனால் மெலிந்திருந்தார், பையில் மறுபடி கிராம்பு. பஸ்ஸில் அம்மா பேசிக்கொண்டே வந்தாள், அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே "ம்" போட்டார். ஸ்கூல் வந்ததும் மாடியை நிமிர்ந்து பார்த்தார். மேலே கைதட்டல் கேட்டது.

"நீங்க உக்காருங்க சித்தி. இன்னிக்கு மொதல்ல காபி. நான் போய் பை-டூ சொல்லிட்டு வரேன்."

"கூட்டம் முடிஞ்சு குடிக்கலாம்டா."

"ஒரு நிமிஷம் சித்தி. வந்துடறேன்."

நாங்கள் பெஞ்சில் உட்கார்ந்தோம். மேலே பேச்சு நடந்தது, முடிந்தது, ஆட்கள் இறங்கிப் போனார்கள். வாட்ச்மேன் வந்து விளக்கை அணைத்தார். அம்மா ஹேண்ட்பேகைப் பிடித்தபடி ஹோட்டல் இருக்கும் திசையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் போய்ப் பார்க்கட்டுமா என்று கேட்டேன். "வருவான்" என்றாள்.

அதற்குப் பிறகு சொல்ல அதிகம் இல்லை. அம்மா விடவில்லை, பெரியம்மாவும் விடவில்லை. இரண்டு பேரும் சேர்ந்து உபவாசம் இருந்தார்கள், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார்கள், இரண்டு பக்கமும் கையைப் பிடித்துக்கொண்டு. ஆனால் அவர் தன் காலால் பின்வாசலில் வந்து நின்று "முடியல" என்று சொன்ன அந்த ஒரு சாயங்காலம் மறுபடி வரவே இல்லை. வேலைகள் வந்தன, போயின. கடைசியில் ஆனேக்கல் பக்கம் ஒரு கம்பெனி ஸ்டோரில் வேலை, அங்கேயே ஒரு ரூம். போன வருஷம் ரூம் சொந்தக்காரர், அண்ணன் கதவைத் திறக்கவில்லை என்று போன் செய்தார். நான்தான் முதலில் போய்ச் சேர்ந்தேன். அந்த ரூமைப் பற்றி எழுதமாட்டேன்.

முதல் வருஷ ஞாபகார்த்த ஜெபத்துக்கு உங்களில் சிலர் வந்திருந்தீர்கள். நடுச்சுவரை இடித்துவிட்டதால் ஹால் பெரிதாகியிருந்தது, நாற்காலி போட இடம் இருந்தது. பெரியம்மாவும் அம்மாவும் ஒரே மாதிரி வெள்ளைச் சேலையில், பக்கத்தில் பக்கத்தில். பெரியம்மா எழுந்து சாட்சி சொன்னாள். தேவன் காரணமில்லாமல் எதையும் செய்வதில்லை, அவரிடத்தில் அன்புகூருகிறவர்களுக்குச் சகலமும் நன்மைக்கே நடக்கிறது, பிரிந்திருந்த எங்கள் இரண்டு பேரையும் ஒன்றாக்கத்தான் என் பிள்ளையைக் கருவியாக எடுத்துப் பயன்படுத்தினார் என்றாள். உண்மையாகவே நம்பிச் சொன்னாள். அம்மா அவள் கையைப் பிடித்துக்கொண்டு "ஆமென்" என்றாள்.

நீங்களும் சொன்னீர்கள். உங்களைக் குறை சொல்லவில்லை. அந்த இடத்தில் வேறு என்ன சொல்வது?

"குட்டி, நீ ஜெபிச்சு முடி" என்றாள் அம்மா.

எழுந்து நின்றேன். படபடவென்று பேசுகிறவள் நான், மேடையேறினால் இறங்காதவள் என்று நீங்களே கேலி செய்வீர்கள். வாயைத் திறந்தேன். எல்லாரும் கண்ணை மூடிக் காத்திருந்தார்கள். வேறு வழி தெரியாமல் பரமண்டல ஜெபத்தைத் தொடங்கினேன். தொடங்கினால் போதும், மற்றவர்கள் எடுத்துக்கொள்வார்கள். எடுத்துக்கொண்டார்கள். எங்களுக்குக் குற்றம் செய்கிறவர்களுக்கு நாங்கள் மன்னிக்கிறதுபோல என்ற இடம் வந்ததும் என் குரல் நின்றுவிட்டது. அம்மாவும் பெரியம்மாவும் மற்ற எல்லாரையும்விடச் சத்தமாக அந்த வரியைச் சொன்னார்கள். அத்தனை குரலில் ஒன்று குறைந்தது யாருக்கும் தெரியவில்லை. அடுத்த வரியில் சேர்ந்துகொண்டேன். ஆமென் சொல்லிக் கண்ணைத் திறந்தபோது பெரியம்மா மிக்ஸர் தட்டுகளை நகர்த்திக்கொண்டிருந்தாள். அம்மா என்னைப் பார்த்துச் சிரித்து, "நல்லா ஜெபிச்சே" என்றாள்.